முட்டையை நிறுத்திய ஒன்பது கோழிகள்

கேள்வி: எங்கள் வீட்டில் 9 நாட்டுப் பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. ஆவணி வரை மாதம் 60 முட்டைக்குக் குறையாமல் கிடைத்தது. முட்டை 12 ரூபாய்க்குப் போகும். அந்தக் காசில்தான் மகளின் தட்டச்சு வகுப்புக் கட்டணம் கட்டி வந்தோம். ஐப்பசியில் முட்டை குறைந்து, கார்த்திகையில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. கோழிகளுக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வியாபாரி கிலோ 350 ரூபாய் என்று ஒன்பதையும் மொத்தமாகக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
- வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கார்த்திகை, மார்கழியில் இப்படிப்பட்ட கடிதங்கள் வருவது வழக்கம். இந்த மாதங்களில் வியாபாரிகளும் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். முட்டையிடாத கோழிக்குத் தீனி எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, ஒரே நாளில் கூண்டு காலியாகிவிடும். தை பிறந்ததும் மறுபடி கோழி தேடிச் சந்தைக்குப் போகும்போது விடைக்கோழியின் விலை வேறாக இருக்கும். குஞ்சு வாங்கி வளர்த்தாலும் நாட்டுக்கோழி முதல் முட்டையிட ஆறு, ஏழு மாதம் ஆகும்.

விற்பது பிறகு இருக்கட்டும். முட்டை எப்படி நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எல்லாக் கோழிகளும் சேர்ந்தாற்போல் நிறுத்தியிருந்தால் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூடவே வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிச்சல், தீனியில் மனமில்லாமை, இறக்கையைத் தொங்கவிட்டு நிற்பது, கழுத்து திருகுவது ஆகியவை இருந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அப்போது ஒரு கோழியைக்கூட விற்கவோ சந்தைக்குக் கொண்டு போகவோ கூடாது. அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிட வேண்டும். இந்த வாசகி வீட்டில் முட்டை ஒன்றரை மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றிருக்கிறது, கழிச்சலும் இல்லை. ஆகவே காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை, ஒவ்வொரு கோழிக்கும் ஒரு கதை இருக்கும். அந்தப் பகுதிக் கால்நடை ஆய்வாளர் ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

அவர் இருட்டும் நேரமாகப் பார்த்துப் போனார். பகலில் கோழியைத் துரத்திப் பிடித்தால் கோழியும் மிரளும், பிடிப்பவருக்கும் மூச்சு வாங்கும். அடைந்த பிறகு டார்ச் விளக்கோடு போனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துவிடலாம். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். கோழியின் தலை கைக்கு அடியில் வரும்படி அக்குளில் அணைத்துக்கொண்டு, வால் பக்கம் விரலால் தடவ வேண்டும். ஆசனவாய்க்கு இருபுறமும் இரண்டு எலும்பு முனைகள் கூராகத் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் தாராளமாக அடங்கினால் கோழி முட்டையில் இருக்கிறது என்று பொருள். ஒரு விரல்தான் அடங்குகிறது என்றால் முட்டையில் இல்லை. முட்டையில் இருக்கும் கோழிக்கு ஆசனவாய் அகன்று ஈரமாக இருக்கும், அடிவயிறு மெத்தென்று இருக்கும். நிறுத்திய கோழிக்கு அது சுருங்கி, வறண்டு, சுருக்குப்பையின் வாய் போல இருக்கும். கொண்டை சிவந்து வெதுவெதுப்பாக இருப்பதும் நல்ல அடையாளம். கொண்டை வெளுத்துச் சுருங்கி, செதில் தட்டியிருந்தால் முட்டை நின்று சில நாளாகிவிட்டது. மஞ்சள் கால் வெளுப்பதை வைத்துப் பண்ணைகளில் கணக்குப் பார்ப்பார்கள். நம் நாட்டுக்கோழிகளில் பல கறுத்த காலுடனும் சாம்பல் நிறக் காலுடனும் இருப்பதால் அது இங்கே உதவாது.

ஒன்பதில் மூன்று கோழிகள் இறகு உதிர்த்துக்கொண்டிருந்தன. கழுத்தும் முதுகும் மொட்டையாகி, முளைக்குருத்துகள் முள் போல நீட்டிக்கொண்டிருந்தன. வீட்டில் இதைத்தான் சீக்கு என்று நினைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோழி பழைய இறகைக் கழித்துப் புது இறகு போடும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. தின்னும் புரதமெல்லாம் இறகுக்கே போவதால் இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. இது ஓய்வுதான், இதற்கு மருந்து வேண்டியதில்லை. வியாபாரிக்குக் கொடுக்கவே கூடாத கோழிகள் இவைதான். புது இறகு நிறைந்த கையோடு முட்டைக்கு வரப்போகிறவை இவை. இதை அறியாமல் அவசரப்பட்டு விற்பதில்தான் அதிக நஷ்டம் வருகிறது.

நான்காவது ஒரு செவலை. அதன் கொண்டை ரத்தச் சிவப்பு, எலும்பிடை மூன்று விரல். முட்டையிடும் கோழி என்று தொட்டதும் தெரிந்தது. முட்டை எங்கே போனது என்பதுதான் கேள்வி. அது மற்றக் கோழிகளோடு கூண்டில் அடைவதில்லை, முருங்கை மரத்தில் அடையும். காலையில் பஞ்சாரத்துக்குள்ளும் அகப்படாது. மறுநாள் காலை வாசகியின் மகள் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்ததில், வைக்கோல் போருக்கும் சுவருக்கும் இடையே 11 முட்டைகள் கிடந்தன. தண்ணீரில் போட்டதில் நான்கு மிதந்தன, அவை பழசு. முட்டைக்குள் உள்ள காற்றறை நாளாக ஆகப் பெரிதாவதால் பழைய முட்டை மிதக்கும். மீதி ஏழும் நன்றாக இருந்தன. திருட்டுத்தனமாக முட்டையிடும் கோழியைக் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டான, ஒதுங்கிய, காய்ந்த இடத்தைத்தான் கோழி தேடும். கூண்டுக்குள் அப்படி இடம் இல்லாவிட்டால் வெளியே தேடிக்கொள்ளும். ஒரு பழைய மண்சட்டியிலோ கூடையிலோ வைக்கோல் போட்டு, மூலையில் சாக்கால் மறைத்து, உள்ளே ஒரு கூமுட்டையையோ முட்டை அளவுள்ள வெள்ளைக் கூழாங்கல்லையோ வைத்தால் போதும். நான்கைந்து கோழிக்கு ஒரு சட்டி என்று கணக்கு.

ஐந்தாவது அடைக்கோழி. வெறும் தரையில் ஒரு மாதமாகப் படுத்துக்கிடக்கிறது. கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. அடை படுப்பது நாட்டுக்கோழியின் குறையல்ல. இன்குபேட்டர் இல்லாமல் குஞ்சு பொரிக்க நமக்கு இருக்கும் வழியே அதுதான். 10 நல்ல முட்டையை வைத்திருந்தால் 21 நாளில் குஞ்சாகியிருக்கும். வெறும் தரையில் படுத்ததால் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. கோழியும் இளைத்து நெஞ்செலும்பு கத்தி போலத் தட்டுப்படுகிறது. இந்த உடம்போடு அதை மறுபடி அடை வைக்கக் கூடாது. அடையைத் தெளிய வைக்கத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைக் குத்துவதும், காலைக் கட்டிப் போடுவதும் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. அதெல்லாம் தேவையே இல்லை. அடிப்பக்கம் காற்றுப் போகும்படி கம்பிவலையோ மூங்கில் பட்டையோ அடித்த ஒரு பெட்டியைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வைத்து, வெளிச்சமான இடத்தில் தீனியும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் விட்டால் போதும். வயிற்றுக்கு அடியில் சூடு தங்காவிட்டால் அடை எண்ணம் தானாகக் கலையும். அதன் பிறகு உடம்பு தேறினால் இரண்டு மூன்று வாரத்தில் முட்டைக்கு வரும்.

ஆறாவதும் ஏழாவதும் கவலைக்குரியவை. கொண்டை வெள்ளைத்தாள் போல வெளுத்திருந்தது. இறகை விலக்கினால் ஆசனவாயைச் சுற்றிச் செள் ஓடியது, இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. ஆனால் ரத்தத்தைக் குடித்தது அது மட்டும் அல்ல. கூண்டின் பலகை இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தபோது மிளகாய் விதையை விடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தன. இது ஒருவகைச் சிலந்திப்பேன். பகலில் கோழியின் உடம்பில் இருக்காது, இடுக்கில் பதுங்கியிருந்து இரவில் ஏறிக் கடிக்கும். அதனால் பகலில் கோழியை எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. காலையில் கூண்டு இடுக்கில் வெள்ளைத் துணியைத் துடைத்துப் பார்த்து, அதில் ரத்தக் கீற்று ஒட்டினால் இது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடைந்த இடத்தை விட்டுவிட்டுச் செவலை முருங்கை மரத்துக்கு ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்துத் தூள் மிச்சம் இருந்தது. அதைக் கோழி மேல் தூவுவதற்கு வாசகியின் கணவர் எடுத்தே வைத்துவிட்டார். பயிர் மருந்தைக் கோழிக்குப் போடக் கூடாது. கோழி தன் இறகைக் கொத்திக் கோதும்போது அது வயிற்றுக்குள் போகும். கோழி சாகலாம். சாகாவிட்டால் அந்த விஷம் முட்டை வழியாகப் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். கோழிக்கென்று உள்ள மருந்தையும் அளவையும் மருந்தகத்தில் கேட்டுத்தான் போட வேண்டும். முட்டையை எத்தனை நாள் தின்னக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கூண்டுக்குச் செய்ய வேண்டியதை வீட்டிலேயே செய்யலாம். பழைய வைக்கோல், சாக்கு எல்லாவற்றையும் வெளியே போட்டு எரித்துவிட்டு, பலகை இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காய வைத்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோழி உட்காரும் கம்பின் இரு முனையிலும் வேப்பெண்ணெய் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இதையே மறுபடி செய்யாவிட்டால், இடுக்கில் தப்பிய முட்டைகள் பொரித்துப் பழைய கதை ஆகிவிடும். கொல்லையில் மழை படாத இடத்தில் ஒரு சிறு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால், செள்ளைக் கோழியே புரண்டு புரண்டு உதறிக்கொள்ளும்.

எட்டாவது கோழிக்கு ஐந்து வயது. முதல் இரண்டு ஆண்டு முட்டைதான் கோழிக்குப் பெரும்படி, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறையும். முட்டைக் கணக்கில் பார்த்தால் இதை விற்கலாம். ஆனால் அது நல்ல அடைக்கோழி, போன தையில் 12 முட்டை வைத்து 10 குஞ்சு இறக்கிய கோழி என்று வாசகி சொன்னார். அப்படியானால் விற்க வேண்டியதில்லை. மற்றக் கோழிகள் இடும் முட்டையை இதற்கு அடை வைத்தால் அவை முட்டையில் தொடரும்.

ஒன்பதாவதும் முட்டையில்தான் இருந்தது. அலகில் காய்ந்த மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கும் கோழி. இந்தப் பழக்கம் சும்மா வருவதில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து ஓடு மெலிந்த முட்டை ஒன்று உடைந்திருக்கும். அதைக் கொத்தி ருசி கண்டிருக்கும்.

ஒன்பது கோழிக்கும் ஒன்பது காரணம் என்றாலும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக்காரணம் இருந்தது. புரட்டாசிக் கடைசியில் பக்கத்து வயலில் நெல் விதைத்தார்கள். கோழி விதையைக் கிளறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பெரிய சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை பஞ்சாரம். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். தீனி என்று ரேஷன் அரிசிக் குருணை இரண்டு கை. அதுவரை புழு, பூச்சி, கரையான், கீரை, களத்துமேட்டு மணி என்று தானே தேடித் தின்ற கோழிக்கு, திடீரென்று வெறும் மாவுச்சத்துதான் கிடைத்தது. முட்டைக்குப் புரதம் வேண்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், ஒரு முட்டை ஓட்டில் மட்டும் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் போகிறது. குருணையில் இரண்டுமே போதாது. பஞ்சாரத்துக்குள் தண்ணீர்ச் சட்டியும் இல்லை. ஓட்டுக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதைப் பலர் நினைப்பதே இல்லை.

குளிர்காலத்தில் பகல் குறைவதால் முட்டை குறைகிறது, பல்பு போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பண்ணைகளில் 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பது உண்மைதான். ஆனால் சிவகங்கைப் பக்கம் ஆனியில் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், மார்கழியில் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதன் தாக்கம் உண்டு என்றாலும், அரைவயிறு தின்று செள் கடித்துக் கிடக்கும் கோழிக்குப் பல்பு போடுவது மின்கட்டணத்தைத்தான் கூட்டும்.

கோழியை அடைத்தே வைக்க வேண்டிய மாதங்களில் கொடுக்க ஒரு கலவை: உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 4½ கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, உப்புப் போடாத கருவாட்டுத்தூள் 700 கிராம், கிளிஞ்சல் தூள் 600 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். மொத்தம் 10 கிலோ வரும். முழுநாளும் அடைபட்ட கோழிக்கு நாளொன்றுக்கு 80 கிராம் என்றால் ஒன்பது கோழிக்கு இரண்டு வாரம் ஓடும். அரைநாள் மேய்ந்தால் பாதி போதும். உப்புக் கருவாடு கோழிக்கு ஆகாது. மழைக்காலத்தில் பூசணம் பிடித்த பிண்ணாக்கையும் போடக் கூடாது, வாசனை மாறியிருந்தாலே தள்ளிவிட வேண்டும். கிளிஞ்சல் தூளில் கொஞ்சம் தனியாக ஒரு சிரட்டையில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். காசில்லாத புரதத்துக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. உடைந்த பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். மழை விட்ட நாட்களில் நன்றாகக் கிடைக்கும்.

தீனியை எவ்வளவு கூட்டினாலும் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டைக்கு மேல் பெரிதாகத் தாண்டாது. அதனால் முழுக்க விலைத் தீனியில் வளர்த்தால் கட்டுப்படியாகாது, மேய்ச்சல் இருந்தால்தான் மிச்சம். ஆய்வாளர் சொன்னபடி, மீன்பிடித்துக் கழித்த பழைய வலையை வாங்கி வாசகியின் கணவர் கொல்லையைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கட்டினார். பஞ்சாரம் ஓரமாகப் போயிற்று. நெல்லும் முழங்கால் உயரம் வந்துவிட்டது, இனிக் கிளற விதை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

வியாபாரிக்கு ஒரு கோழிகூடப் போகவில்லை. முட்டை குடிக்கும் கோழிக்குக் கிளிஞ்சல் வைத்து, முட்டையை உடனுக்குடன் எடுத்து, பத்து நாள் பார்த்தும் திருந்தாததால் அது மட்டும் வீட்டுக் குழம்புக்குப் போனது. மார்கழி மூன்றாம் வாரத்தில் அடை தெளிந்த கோழி முட்டையிட்டது. தைப் பொங்கலுக்குள் இறகு போட்ட மூன்றில் ஒன்று ஆரம்பித்தது. மற்ற இரண்டுக்கும் கொண்டை சிவந்து வருகிறது. செள் கடித்த இரண்டும் இன்னும் வரவில்லை, அவற்றுக்கு ரத்தம் ஊற வேண்டும், குடற்புழு மருந்தும் இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள். மார்கழி மாத வகுப்புக் கட்டணத்தைக் கடனாகத்தான் கட்டினோம் என்று வாசகி எழுதியிருக்கிறார்.

கேள்வி: ஒரு கோழி ஓடில்லாமல் தோல்முட்டையாக இடுகிறது. இதற்கு என்ன செய்வது?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: விடைக்கோழி முதன்முதலாக இடும்போது ஒன்றிரண்டு தோல்முட்டை வருவது சகஜம், தானே சரியாகும். வளர்ந்த கோழி தொடர்ந்து அப்படி இட்டால் கிளிஞ்சல் தூள் வைக்க வேண்டும். முட்டை ஓட்டைக் காய வைத்து, முட்டையின் உருவமே தெரியாமல் நொறுக்கியும் போடலாம். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நாயோ கீரியோ துரத்திக் கோழி மிரண்டாலும் தோல்முட்டை விழும். பல கோழிகள் சேர்ந்து கோணல் முட்டையும் தோல்முட்டையும் இட்டு, தும்மலும் இருந்தால் அது தீனிக் குறை அல்ல, மருந்தகத்தில் காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் சேவலை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. சேவல் இல்லாமல் கோழிகள் முட்டையிடுமா?
- வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: இடும். முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. சேவல் செத்த பிறகும் ஒரு வாரம் வரை இட்ட முட்டைகளில் கரு இருக்கும், அவற்றில் அடை வைக்க நினைத்தால் உடனே வைக்க வேண்டும். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். புதுச் சேவலை வேற்றூரிலிருந்து வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்து, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கோழிகளோடு விட வேண்டும்.